சிலிக்கா சுழற்சி: நுண்கூடுகளும் ஐசோடோப்புகளும் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை

சிலிக்கா என்றதும் மணல்தான் நினைவுக்கு வருகிறது. மணல் உயிரற்றது, மாறாதது, கிடந்த இடத்தில் கிடப்பது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. கார்பன் சுழற்சியையும் நைட்ரஜன் சுழற்சியையும் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். சிலிக்காவுக்கும் அப்படியொரு சுழற்சி உண்டு என்பது பலரை எட்டுவதேயில்லை. எட்டும்போதும் பெரும்பாலும் இரண்டு தவறான கருத்துகளோடு எட்டுகிறது. இது முழுக்கப் பாறைகளின் விவகாரம் என்பது முதல் தவறு. கடலடிச் சேற்றில் நுண்ணுயிர்க் கூடுகள் மிகுந்திருந்தால் அந்தக் காலத்துக் கடல் செழிப்பாக இருந்தது, அந்தக் கூடுகளின் ஐசோடோப்பு அளவு (ஒரே தனிமத்தின் கனமான அணுக்களுக்கும் இலேசான அணுக்களுக்கும் உள்ள விகிதம்) உயர்ந்திருந்தால் இன்னும் செழிப்பாக இருந்தது என்று முடிவு கட்டுவது இரண்டாவது. இந்த இரண்டாவது தவறு அறிவியல் படித்தவர்களிடமும் தாராளமாகப் புழங்குகிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மூன்று சொற்கள்

சிலிக்கான் ஒரு தனிமம். புவியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது அதுதான். எடையில் ஏறத்தாழ 28 சதவீதம். ஒரு சிலிக்கான் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் என்ற விகிதத்தில் சேர்ந்த பொருள் சிலிக்கா. குவார்ட்ஸ் மணலில் அது ஒழுங்கான படிகமாக இருக்கிறது. ஓபல் என்ற வடிவத்தில் ஒழுங்கில்லாமல், சிறிது நீரையும் உள்ளே வைத்துக்கொண்டு இருக்கிறது. உயிரினங்கள் தம் உடலில் உருவாக்குவது ஓபலைத்தான். மூன்றாவது சொல் சிலிசிக் அமிலம். நீரில் கரைந்த சிலிக்கான் இந்த வடிவில்தான் இருக்கும். மிகவும் வலுக்குறைந்த அமிலம் அது; நாம் குடிக்கும் கிணற்று நீரிலும் இருக்கிறது.

பாறையிலிருந்து நீருக்கு

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு பாறைக்குள் இறங்குகிறது. கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார், எரிமலைப் பாறைகளில் உள்ள கனிமங்கள் போன்றவை அந்த நீரில் மெல்லச் சிதைகின்றன. அவற்றின் சிலிக்கானில் ஒரு பகுதி களிமண்ணாக அங்கேயே தங்கிவிடுகிறது. மீதி சிலிசிக் அமிலமாக ஆற்றில் சேர்கிறது. உலக ஆறுகளின் சராசரியைப் பார்த்தால் ஒரு லிட்டர் நீரில் சுமார் 10 மில்லிகிராம் சிலிக்கா கரைந்திருக்கிறது.

குவார்ட்ஸ் இந்த வேலையில் கிட்டத்தட்டப் பங்கேற்பதேயில்லை. அது மிக மெதுவாகவே கரையும். மற்ற கனிமங்கள் கரைந்து போன பிறகு கரையாமல் எஞ்சியதுதான் நாம் கடற்கரையில் அள்ளும் வெள்ளை மணல். சிலிக்காவின் அடையாளமாக நாம் நினைக்கும் பொருள் அதன் சுழற்சியிலிருந்து ஒதுங்கி நிற்கிறது.

வழியில் நிற்கும் புல்

பாறையில் கரைந்த சிலிக்கா நேராக ஆற்றுக்கு ஓடிவிடுவதில்லை. நடுவில் செடிகள் நிற்கின்றன. புல் இனங்கள் வேரின் வழியாகச் சிலிசிக் அமிலத்தை உறிஞ்சி, இலையிலும் தண்டிலும் நுண்ணிய ஓபல் துண்டுகளாகப் படியவைக்கின்றன. இந்தத் துண்டுகளுக்குப் பைட்டோலித் என்று பெயர். நெல் வயலில் இறங்கி வேலை செய்தவர்களின் கையை இலை விளிம்பு அறுப்பதற்குக் காரணம் இந்தச் சிலிக்காதான். நெல் உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் சுமார் 90 சதவீதம் சிலிக்கா. உமிக்கரியால் பல் துலக்கிய காலத்தில் பல்லைத் தேய்த்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. சித்த மருத்துவத்தில் வழங்கும் மூங்கிலுப்பும் மூங்கில் கணுக்களுக்கு இடையே படியும் சிலிக்காதான்.

ஹெக்டேருக்கு 5 டன் விளையும் நெற்பயிர் மண்ணிலிருந்து 230 முதல் 470 கிலோ வரை சிலிக்கானை எடுத்துக்கொள்கிறது என்பது வேளாண் ஆய்வுகளில் வழக்கமாகக் காட்டப்படும் கணக்கு. வைக்கோலும் உமியும் வயலுக்குத் திரும்பாவிட்டால் அவ்வளவும் வெளியேறிவிடும். ஜப்பானில் 1955-இலேயே கால்சியம் சிலிகேட் கசடு நெல்லுக்கான உரமாக ஏற்கப்பட்டதற்குக் காரணம் இந்த இழப்புதான்.

காடுகளிலும் இதே கதை. உலகத் தாவரங்கள் ஆண்டுதோறும் உருவாக்கும் பைட்டோலித்தின் அளவு, கடல் உயிரினங்கள் உருவாக்கும் ஓபலின் அளவோடு ஒப்பிடத்தக்கது என்று 2002-இல் வெளியான ஒரு மதிப்பீடு காட்டியது. 2005-இல் ஹவாய்த் தீவுகளின் ஓடைகளை ஆராய்ந்தவர்கள், அந்த நீரில் இருந்த சிலிக்காவில் பெரும்பகுதி ஒருமுறையாவது செடிக்குள் போய் வந்தது என்று கண்டார்கள். சிலிக்கானுக்கு நெருங்கிய உறவான ஜெர்மானியம் என்ற தனிமத்தைச் செடிகள் அவ்வளவாகப் பைட்டோலித்தில் சேர்ப்பதில்லை. ஓடை நீரில் இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்து, சிலிக்கா பாறையிலிருந்து நேராக வந்ததா, மக்கிய இலையிலிருந்து வந்ததா என்று அவர்கள் பிரித்தறிந்தார்கள். இளம் எரிமலைப் பாறை மூடிய தீவிலேயே இப்படி என்றால், முதல் தவறான கருத்தை இத்துடன் விட்டுவிடலாம்.

கடலில் நடப்பது

கடலில் சிலிக்காவின் பெரிய நுகர்வோர் டயாட்டம்கள். ஒரே செல்லால் ஆன, ஒளிச்சேர்க்கை செய்யும் மிதவை உயிரிகள் இவை. ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் இரண்டு ஓபல் பாதிகளால் ஆன கூட்டுக்குள் இவை வாழ்கின்றன. பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாது. மிகப் பெரியவை ஓரிரு மில்லிமீட்டர். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றுடையது. இதை வைத்து, நாம் இழுக்கும் ஐந்து மூச்சில் ஒன்று டயாட்டம் தந்தது என்று பரவலாக எழுதுகிறார்கள். டயாட்டம் வெளியிடும் ஆக்சிஜனில் மிகப் பெரும்பகுதி, அதே டயாட்டத்தைப் பிற உயிர்கள் தின்று செரிப்பதிலும் பாக்டீரியாக்கள் சிதைப்பதிலும் செலவாகிவிடுகிறது. டயாட்டத்தின் பெருமைக்கு இந்த மிகைக்கூற்று தேவையே இல்லை.

கடல் உயிரினங்கள் ஓர் ஆண்டில் உருவாக்கும் ஓபல் சுமார் 1,500 கோடி டன். நிலத்திலிருந்தும் கடலடி எரிமலை வெந்நீர் ஊற்றுகள் முதலானவற்றிலிருந்தும் ஆண்டுதோறும் கடலுக்குப் புதிதாக வந்துசேரும் சிலிக்கா சுமார் 90 கோடி டன். வரவைப்போல் பதினாறு, பதினேழு மடங்கு செலவு எப்படி நடக்கிறது? அதே சிலிக்கா திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. டயாட்டம் உயிரோடு இருக்கும்வரை ஒரு கரிம உறை கூட்டைக் காக்கிறது. இறந்தபின் பாக்டீரியாக்கள் அந்த உறையைத் தின்றுவிட, கடல்நீர் ஓபலைக் கரைக்கத் தொடங்குகிறது. ஏறத்தாழப் பாதி மேற்பரப்பிலேயே கரைந்துவிடும். மீதியிலும் பெரும்பகுதி விழும் வழியிலும் கடலடியிலும் கரையும். உருவானதில் நூற்றுக்குச் சில பங்கே சேற்றில் நிலையாகப் புதைகிறது. கரைந்தது ஆழ்கடல் நீரோட்டங்களோடு எப்போதாவது மேலே வந்து, மறுபடியும் ஒரு கூடாகிறது.

இதுவரை பார்த்தது: பாறை சிதைந்து சிலிக்கா கரைகிறது, செடிகள் அதைச் சில காலம் பிடித்துவைக்கின்றன, ஆறு கடலுக்குக் கொண்டுபோகிறது, டயாட்டம்கள் பலமுறை பயன்படுத்திய பின் சிறு பங்கு புதைகிறது. புதைந்த அந்தச் சிறு பங்குதான் பழங்காலத்தை அறிய நமக்கு இருக்கும் சான்று.

கூடுகளை எண்ணினால் போதாதா?

கடலடியில் குழாயை இறக்கி எடுக்கும் சேற்றுத் தூணில், மேலிருந்து கீழே போகப்போகக் காலம் பின்னோக்கிச் செல்கிறது. அதில் டயாட்டம் கூடுகள், ரேடியோலேரியா என்ற ஒருசெல் உயிரிகளின் கூடுகள், கடற்பஞ்சுகளின் உடலில் இருந்த நுண்முட்கள் எல்லாம் கிடைக்கும். எந்த இனம் இருக்கிறது என்பதிலிருந்து அன்றைய நீர் குளிரானதா, மேலே பனி உறைந்திருந்ததா என்று ஊகிக்க முடிகிறது. இந்த வகையில் எச்சங்களுக்கு ஈடு கிடையாது.

ஆனால் எண்ணிக்கையை நம்பிச் செழிப்பைக் கணக்கிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். நூற்றில் சிலவே புதைகின்றன என்றால், அந்தச் சில இரண்டா ஐந்தா என்பதில் ஏற்படும் சிறு மாற்றமே கணக்கை இரட்டிப்பாக்கிவிடும். தடித்த கூடு தப்பிக்கும், மெல்லிய கூடு கரையும். சேறு வேகமாக மூடிய இடத்தில் அதிகம் தங்கும். சேற்றில் உள்ள கூடுகள் அன்று பிறந்தவற்றின் கணக்கைத் தருவதில்லை. கரையாமல் தப்பியவற்றின் கணக்கையே தருகின்றன.

ஐசோடோப்பு என்ன சொல்கிறது?

ஒரே தனிமத்தின் அணுக்களில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபட்டால் அவற்றை ஐசோடோப்புகள் என்கிறோம். சிலிக்கானுக்கு இயற்கையில் நிலையான மூன்று உண்டு: சிலிக்கான்-28 சுமார் 92.2 சதவீதம், சிலிக்கான்-29 சுமார் 4.7 சதவீதம், சிலிக்கான்-30 சுமார் 3.1 சதவீதம். மூன்றும் கதிரியக்கம் அற்றவை. வேதியியலில் மூன்றும் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன என்றாலும், கூடு கட்டும்போது எடை குறைந்த அணு சற்று எளிதாக உள்ளே சேர்கிறது.

இதன் விளைவைச் சந்தையில் வைத்துப் பார்க்கலாம். காலையில் கொட்டிய தக்காளிக் குவியலில் கெட்டியானவையும் கனிந்தவையும் கலந்திருக்கின்றன. வாங்குபவர் ஒவ்வொருவரும் கெட்டியானதைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்குகிறார். நேரம் போகப்போகக் குவியலில் கனிந்தவற்றின் விகிதம் ஏறுகிறது. மாலையில் வருபவரும் கெட்டியானதைத்தான் தேடுகிறார். ஆனாலும் அவர் பையில், காலையில் வந்தவர் பையைவிடக் கனிந்தவை அதிகம் இருக்கும். ஒருவருடைய பையைப் பார்த்தே, அவர் வந்தபோது குவியலில் எத்தனை பங்கு தீர்ந்திருந்தது என்று சொல்லிவிடலாம். குவியல் 50 கிலோவா 500 கிலோவா என்று அந்தப் பையை வைத்துச் சொல்லவே முடியாது. நடுவில் கடைக்காரர் புதுக் கூடை கொட்டினால் குவியல் அவ்வளவு கனிந்துபோகாது. குவியல் முழுவதும் விற்றுத் தீர்ந்தால், எல்லாப் பைகளையும் சேர்த்துக் கொட்டினால் காலையில் இருந்த கலவையே திரும்பக் கிடைக்கும்.

கெட்டித் தக்காளிக்குப் பதில் சிலிக்கான்-28, கனிந்ததற்குப் பதில் சிலிக்கான்-30, குவியலுக்குப் பதில் மேற்பரப்பு நீரில் உள்ள சிலிசிக் அமிலம், பைக்குப் பதில் டயாட்டம் கூடு என்று வைத்துக்கொண்டால் வழிமுறை அப்படியே பொருந்தும். ஆழத்து நீர் மேலெழுவதுதான் புதுக் கூடை. கூட்டின் ஐசோடோப்பு அளவு காட்டுவது, கிடைத்த சிலிக்காவில் எத்தனை பங்கு பயன்பட்டது என்பதை. எவ்வளவு பயன்பட்டது என்பதை அது காட்டுவதில்லை. இரண்டாவது தவறான கருத்து முளைப்பது இந்த இடத்தில்தான். கொஞ்சமே வந்து முழுவதும் தீர்ந்த ஏழைக் கடலிலும் அளவு உயரும். ஏராளமாக வந்து பாதி மிஞ்சிய செழிப்பான கடலில் அளவு தாழ்ந்தே இருக்கும்.

அளவை எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சிலிக்கான்-30-க்கும் 28-க்கும் உள்ள விகிதம் ஒரு பொதுத் தரப்பொருளிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகுகிறது என்பதே டெல்டா மதிப்பு. என்.பி.எஸ்.-28 என்ற குவார்ட்ஸ் மணல்தான் அந்தத் தரப்பொருள். எரிமலைப் பாறைகள் அதைவிடச் சற்றே இலேசானவை, அதாவது அவற்றில் சிலிக்கான்-30-இன் பங்கு சற்றே குறைவு, சுமார் −0.3. ஆற்று நீரின் சராசரி +1-க்குச் சற்று மேல். பாறை சிதையும்போது களிமண் இலேசான அணுக்களைப் பிடித்துக்கொள்வதும், செடிகள் எடுத்துக்கொள்வதும் இந்த உயர்வுக்குக் காரணங்கள். 1997-இல் கிறிஸ்டினா டி லா ரோச்சாவும் அவருடைய சகாக்களும் மூன்று டயாட்டம் இனங்களை ஆய்வகத்தில் வளர்த்து, கூடு தன்னைச் சுற்றியுள்ள நீரைவிடச் சுமார் 1.1 அளவுக்கு இலேசாக இருக்கிறது என்று காட்டினார்கள். 12 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை வெப்பத்தை மாற்றியும் இந்த வேறுபாடு மாறவில்லை. பின்னர் சில இனங்களில் இதிலிருந்து விலகல்கள் தெரியவந்தன. ஆகவே எந்த இனத்தின் கூடுகளை அளக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

அளப்பதற்கு முன் கூடுகளைச் சேற்றிலிருந்து சுத்தமாகப் பிரிப்பது பெரும்பாடு. சல்லடை, அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு, அடர்த்தி மிகுந்த திரவம் எனப் பல படிகள். துளி களிமண் ஒட்டியிருந்தாலும் அதன் இலேசான சிலிக்கான் முடிவைக் கீழே இழுத்துவிடும்.

நீர்த்துப்போனதா, எடுக்கப்பட்டதா?

ஆற்றில் சிலிக்கா குறைந்தால் உடனே அணையைக் குற்றம் சொல்லும் வழக்கம் உண்டு. இந்தப் பேச்சு வலுப்பெற்றது 1997-இல். ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் இரும்பு வாயில் அணை 1970-களின் தொடக்கத்தில் வந்தபிறகு கருங்கடலுக்குப் போகும் கரைந்த சிலிக்கா மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது, டயாட்டம்கள் பின்வாங்கி வேறு மிதவை உயிரிகள் பெருகின என்று ஓர் ஆய்வு வெளியானது. தேக்கத்தில் டயாட்டம்கள் வளர்ந்து அடியில் புதைந்துவிடுகின்றன என்பது அதன் விளக்கம். பிறகு அந்தத் தேக்கத்தின் நுழைவாயிலிலும் வெளியேற்றத்திலும் அளந்து பார்த்தவர்கள், கரைந்த சிலிக்காவில் ஐந்து சதவீத அளவே அங்கே தங்குகிறது என்று கண்டார்கள். முதல் ஆய்வு மேற்கோளாக ஓடிய தூரத்துக்கு இரண்டாவது ஓடவில்லை என்பது வருத்தம்தான்.

செறிவை மட்டும் அளந்தால் இப்படித்தான் குழப்பம் வரும். மழைநீர் கலந்து நீர்த்துப்போனாலும் செறிவு குறையும். உயிர்கள் எடுத்துக்கொண்டாலும் குறையும். மழைநீரில் சிலிக்கா அநேகமாக இல்லை என்பதால், அது கலப்பதால் ஐசோடோப்பு விகிதம் மாறாது. உயிரோ களிமண்ணோ எடுத்திருந்தால் எஞ்சிய நீர் கனத்திருக்கும். எடுத்தது உயிரா களிமண்ணா என்பதை ஐசோடோப்பு மட்டும் சொல்லாது. அதற்குச் சேற்றில் கிடக்கும் கூடுகளையும் பைட்டோலித்தையும் பார்க்க வேண்டும். எடுக்கப்பட்டது என்பதற்கு ஐசோடோப்பும், எடுத்தது யார் என்பதற்கு எச்சமும் சாட்சி. ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிக் கதைதான்.

பனியுகத்தின் தென் கடல்

இந்தத் துறையின் மிகச் சுவையான வழக்கு அண்டார்டிக்காவைச் சுற்றியுள்ள தென் கடலைப் பற்றியது. கடந்த பனியுகத்தின் உச்சத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 185 பங்கு. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280. காற்றில் குறைந்த அந்தக் கார்பன் கடலுக்குள் போனது; தென் கடலின் டயாட்டம்கள் அப்போது செழித்து வளர்ந்து கார்பனை ஆழத்துக்கு இழுத்திருக்கலாம் என்பது இயல்பாக எழும் எண்ணம்.

1998-இல் தென் கடல் சேற்றுத் தூண்களின் டயாட்டம் கூடுகளை அளந்தபோது, பனியுகத்துக் கூடுகள் இன்றைய காலத்தவற்றைவிட இலேசாக இருந்தன. அதாவது, கிடைத்த சிலிக்காவில் குறைந்த பங்கே பயன்பட்டிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் டயாட்டம்கள் நலிந்திருந்தன என்று தோன்றும். ஆனால் அங்கேயே கிடைத்த நைட்ரஜன் ஐசோடோப்புகள் எதிர்த்திசையில் பேசின: கிடைத்த நைட்ரேட்டில் அதிகப் பங்கு பயன்பட்டிருந்தது. ஒரே கடலில் ஒரு சத்து மிஞ்சுகிறது, மற்றொன்று தீர்கிறது. அது எப்படி?

விடை இரும்பில் கிடைத்தது. இன்றைய தென் கடலில் இரும்பு அரிது. இரும்புப் பற்றாக்குறையில் டயாட்டம்கள் நைட்ரேட்டை ஒப்பிடும்போது மிக அதிகமான சிலிக்காவை எடுத்து, தடித்த கூடு கட்டுகின்றன. இரும்பு கிடைத்தால் அந்த விகிதம் இறங்குகிறது. இதையும் 1998-இல்தான் இரண்டு ஆய்வுகள் தனித்தனியே காட்டின. பனியுகத்தில் வறண்ட நிலங்களிலிருந்து தூசி அதிகமாகப் பறந்து கடலுக்கு இரும்பைத் தந்தது. டயாட்டம்கள் மெல்லிய கூட்டோடு வளர்ந்து, நைட்ரேட்டைத் தீர்த்து, சிலிக்காவை மிச்சம் வைத்தன என்று இரண்டு சாட்சியங்களையும் ஒருசேரப் படிக்கலாம்.

மிஞ்சிய சிலிக்கா எங்கே போனது? நீரோட்டத்தோடு வடக்கே நழுவி, வெப்பமண்டலக் கடல்களில் டயாட்டம்களைப் பெருக்கி, சுண்ணாம்புக் கூடு கட்டும் உயிரிகளை ஓரங்கட்டி, அதன் வழியே கார்பன் டை ஆக்சைடைக் குறைத்தது என்று 2002-இல் ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது. சிலிசிக் அமிலக் கசிவு என்று அதற்குப் பெயர். அழகான கருதுகோள். ஆனால் அது சரியென்றால் பனியுக உச்சத்தில் வெப்பமண்டலச் சேற்றில் ஓபல் கூடியிருக்க வேண்டும். பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதியில் அப்படிக் கூடியதாகத் தெரியவில்லை. வேறு சில இடங்களில் பனியுகம் முடியும் தறுவாயில் கூடியது. கசிவு நடந்திருக்கலாம், ஆனால் காற்றின் கார்பனை இறக்கிய முதன்மைக் காரணம் அதுதான் என்று சொல்ல இந்தச் சான்று போதாது என்பது என் கருத்து.

குவியலின் அளவை அறிய

டயாட்டம் தரும் தகவலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: மொத்தம் எவ்வளவு சிலிக்கா கிடைத்தது என்பது அதில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க உதவுவது கடற்பஞ்சு. இதன் நுண்முட்களும் ஓபலால் ஆனவை. இவையும் இலேசான சிலிக்கானையே விரும்புகின்றன. ஆனால் விருப்பத்தின் அளவு நிலையானதல்ல. நீரில் சிலிசிக் அமிலம் அதிகமாக இருந்தால் முள் மிகவும் இலேசாகிறது. குறைவாக இருந்தால் வேறுபாடும் குறைகிறது. இன்றைய கடற்பஞ்சுகளையும் அவை வாழும் நீரையும் பல கடல்களில் அளந்து இந்தத் தொடர்பை வரைபடமாக்கியிருக்கிறார்கள். புதைந்த முள்ளை அளந்தால் அன்றைய ஆழ்நீரின் சிலிசிக் அமிலச் செறிவை மதிப்பிடலாம். செறிவு மிக உயர்ந்தால் வளைகோடு தட்டையாகிவிடும். அதற்கு மேல் முள் துல்லியமாகப் பேசாது.

இந்த முள் பழைய கதை ஒன்றை அசைத்திருக்கிறது. ஆதிக் கடல்களில் கூடு கட்டும் உயிர்கள் இல்லை. சிலிக்கா நிறைந்து, தானாகவே செர்ட் என்ற கடும்பாறையாகப் படிந்தது. பிறகு கடற்பஞ்சுகளும் ரேடியோலேரியாக்களும், கடைசியாக டயாட்டம்களும் வந்து கடலின் சிலிக்காவை இன்றைய தாழ்ந்த நிலைக்கு இறக்கின. அந்தக் கடைசி இறக்கம் டயாட்டம்கள் பெருகிய அண்மைய சில கோடி ஆண்டுகளில் படிப்படியாக நடந்தது என்றே பலர் எண்ணினார்கள், ஏனென்றால் சேற்றில் டயாட்டம் கூடுகள் குவிவது அப்போதுதான் தெரிகிறது. 2016-இல் வெளியான ஆய்வொன்று வடஅட்லாண்டிக்கின் பழைய படிவுகளில் கடற்பஞ்சு முட்களையும் ரேடியோலேரியாக் கூடுகளையும் சேர்த்து அளந்தது. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சிலிசிக் அமிலம் குறைவாகத்தான் இருந்தது என்பது அதன் முடிவு. அப்படியானால் இறக்கம் அதற்கும் முன்னதாக, டயாட்டம் கூடுகள் மிக அரிதாகவே கிடைக்கும் காலத்தில் நடந்திருக்க வேண்டும். ஓபல் ஆழப் புதைந்து சூடேறும்போது செர்ட்டாக மாறுகிறது. கூட்டின் வடிவமும் அதோடு அழிகிறது. டயாட்டம்கள் அப்போதே பெருகியிருந்து, அவற்றின் கூடுகள் நமக்குக் கிடைக்காமல் போனதா, அல்லது வேறு உயிர்கள் அந்த வேலையைச் செய்தனவா என்ற கேள்வியோடு ஆய்வாளர்கள் இப்போது அதற்கு முந்தைய கிரெட்டேசியக் காலப் படிவுகளை அளந்துகொண்டிருக்கிறார்கள்.